கலப்பைக்கிழங்கு உலையேறிய நாள்

நாகமலையின் வடசரிவில், முட்புதர்களைப் பற்றிக்கொண்டு, ஐப்பசி மழைக்குப் பின் செங்காந்தள் பூக்கும். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நிற்கும். தை முடிவதற்குள் கொடி சருகாகிவிடும். கிழங்கு மட்டும் பாறை இடுக்கு மண்ணில் உயிரோடு கிடக்கும். காய்ந்த தண்டை வைத்தே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பாள் என் அக்காள் மலையம்மாள். மதுரை நாட்டு மருந்துக் கடைகளுக்கு அதைத் தோண்டிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

கலப்பை போல இரு கவடாக இருப்பதால் அதற்குக் கலப்பைக்கிழங்கு என்று பெயர். சாக்கில் அடைப்பதற்காக ஒடித்துவிடுவாள். ஒடித்தபின் பார்த்தால் வள்ளிக்கிழங்கு மாதிரிதான் தெரியும். ஆனால் தின்றால் ஆளைக் கொல்லும்.

மலையடிவாரக் கல்லுடைப்பில் மேஸ்திரி சோணைமுத்து. வள்ளிக்கிழங்கோடு இறங்கும் பெண்களை மறித்துப் பிடுங்குவான். அதனால் கூடையில் எது இருந்தாலும் விஷக்கிழங்கு என்று சொல்வது அவர்கள் வழக்கம். அக்காளும் இரண்டு முறை வள்ளிக்கிழங்கை அப்படிச் சொல்லி அகப்பட்டிருந்தாள்.

முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், அவள் சாக்கில் இருந்தது கலப்பைக்கிழங்கு.

"என்ன ஆத்தா, இன்னிக்கும் விஷமா?" என்றான் சோணைமுத்து.

"சத்தியமா விஷந்தாண்ணே. கடைக்குப் போறது."

"போன மாசம் தின்ன விஷம் மாவாட்டம் இருந்துச்சு. அம்புட்டையும் எறக்கு."

சாக்கை விடாமல் பிடித்துக்கொண்டாள். சம்மட்டிக் காம்பால் விரல்களில் அடித்தான். மூன்று விரல்கள் முறிந்தன. சாக்கு போயிற்று. கிழங்கைக் கழுவி உலையில் போட்டார்கள்.

அவள் வீட்டுக்கு ஓடி வந்திருக்கலாம். வரவில்லை. கல்லுடைப்பில் பதினாறு பேர் பசியோடு இருந்தார்கள், கைப்பிள்ளைக்காரிகளும் உண்டு. உடைந்த கையோடு உலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒருத்தரும் வாயில வைக்காதீக! செத்துருவீக!"

"அவளுக்கும் ரெண்டு துண்டு குடுங்கப்பா, பசி போல," என்றான் கருப்பு என்ற கூலியாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காள் பானையை எட்டி உதைத்தாள். கொதிநீர் முழங்கால்வரை அவளை வேகவைத்தது. கிழங்கெல்லாம் கல்தூளில் சிதறியது. சோணைமுத்து சம்மட்டியைத் தூக்கி அதன் இரும்புத் தலையால் அடித்தான். மண்டையில் ஒரே அடி.

"பொய் சொல்லித்தான உலையக் கவுத்த? இந்தா பாரு!" விழுந்து கிடந்தவளின் முகத்துக்கு நேராகக் குந்தி, தூளைத் துடைத்துவிட்டு நாலைந்து துண்டுகளைத் தின்றான். ரத்தத்தைப் பார்த்து மற்றவர்கள் விறைத்து நின்றார்கள். யாரும் குனிந்து எடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் அக்காள் இறந்துபோனாள்.

மறுநாள் சோணைமுத்து ரத்தமாகக் கக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவளைத் தூக்கினோம். பாடைக்கு ஆள் பற்றவில்லை. கருப்பு வந்து ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டான். முந்தின நாள் அந்த உலையருகே பசியோடு இருந்த அவன் மனைவி கைக்குழந்தையோடு ரோடுவரை பின்னால் நடந்து வந்தாள்.