மஞ்சை அளந்தவரின் மனைவி

எங்கள் கொல்லங்கோட்டில் கதைப் புத்தகம் எழுதிய ஒரே பெண்பிள்ளை என் பெரியம்மா ஐசும்மாதான். ஆண்பிள்ளைகளிலும் யாரும் எழுதினதாக எனக்குத் தெரியாது. எழுதியிருந்தால் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பார்கள். பெரியம்மாவுக்குத் தம்பட்டம் அடிக்கவும் ஆள் கிடையாது, பிள்ளை குட்டியும் கிடையாது. ஊர் கூடி அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டது. அந்த மூலையில் உட்கார்ந்துதான் எழுதினார்.

அவருடைய கணவர் சைனுதீன் ராவுத்தருக்கு ஜவுளி வியாபாரம். துணி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறி, சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொண்டுபோய் விற்பார். ஏறினால் இறங்க மாதக்கணக்காகும். நோன்புப் பெருநாளுக்குத் தவறாமல் வந்துவிடுவார். வந்தாலும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. மலையைப் பற்றி மனைவி துருவித் துருவிக் கேட்டதில் அவரிடமிருந்து பெயர்ந்தது கொஞ்சம்தான். அங்கே மூடுபனியை மஞ்சு என்பார்கள். மஞ்சு இறங்கினால் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது, துணியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆகாயத்தில் போகும். அட்டை கடிக்கும், உப்புத் தடவினால் விழுந்துவிடும். அவ்வளவுதான்.

வேலந்தாவளம் சந்தைக்கு அப்பால் உலகத்தைப் பார்த்திராத பெண்ணுக்கு அதுவே ஏராளம். அவருடைய அத்தா துணிக் கடையில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுவதற்காகவே மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அந்த எழுத்து கல்யாணத்துக்குப் பிறகு எதற்கும் பயன்படாமல் கிடந்தது. வீட்டு ஜன்னலில் நின்றால் தென்மலை தெரியும். மழைக்காலத்தில் அருவிகள் வெள்ளை நூலாகத் தொங்கும். அந்த மலைக்குப் பின்னால் ஏதோ ஒரு மலையில் தன் கணவர் முகம் தெரியாதவர்களுக்குத் துணி கிழித்துக்கொண்டிருப்பதாகப் பெரியம்மா நினைத்துக்கொள்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷத்து ஆடி மழையை மலையாளத்தார் தங்கள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்வார்கள். மூணாறு மலையில் பாலம், ரோடு, கடை கண்ணி எல்லாவற்றையும் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. மழை விட்டு வெகு நாள் கழித்து, சின்னக்கானலிலிருந்து அழகுமலை என்கிற கங்காணி ஒருவர் ஒரு துணி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு கொல்லங்கோட்டுக்கு வந்தார். சைனுதீன் ராவுத்தர், தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் அவருடைய வீட்டில் வைத்துவிட்டுப் போன மூட்டை அது.

பள்ளிவாசல் ஹஜரத்தை வரவழைத்தார்கள். பெரியம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அவர் தண்ணியில விழுந்ததை உன் கண்ணால பார்த்தியா?" என்று ஹஜரத் கேட்டார்.

"பாக்கலீங்கய்யா. பாலத்தைப் பாத்து அவரு நடந்து போனதைப் பாத்தேன். பொறவு ஆறு பாலத்தைக் கொண்டுக்கிட்டுப் போனதைப் பாத்தேன்."

"மய்யித்தைப் பார்த்தவங்க யாராவது உண்டா?"

"எத்தனையோ உடம்பு ஒதுங்குச்சுங்க. இவரு உடம்பு ஒதுங்கல."

ஹஜரத் மசலா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, சொன்னார். உடம்பு இல்லை, சாட்சி இல்லை. ஆகையால் சைனுதீன் ராவுத்தர் காணாமல் போனவர், இறந்தவர் அல்ல. அவருடைய வயதை ஒத்தவர்கள் எல்லாரும் மௌத்தாகிற காலம்வரை அவர் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை ஐசும்மா அவருடைய மனைவி. கைம்பெண்கள் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் துக்கம் காக்கிற இத்தா இவர் இருக்கக் கூடாது. கல்யாணத்தில் கழுத்தில் கட்டிய கருகமணியைக் கழற்றக் கூடாது. இறந்தவர்களுக்கு ஓதுகிற பாத்திஹாவை வீட்டில் ஓதக் கூடாது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்ததாம். "அப்ப அவுங்க எங்கிருக்காங்க ஹஜரத்?"

"அல்லாஹ் அறிவான்மா."

சட்டம் படித்தவர், நல்ல மனிதர், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்று என் அத்தா மொய்தீன் கடைசிவரை ஹஜரத்துக்குப் பரிந்து பேசுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. புருஷன் போனதற்கு அழக் கூட ஒரு பெண் அனுமதி வாங்க வேண்டுமா என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து பெரியம்மா ரெண்டுங்கெட்டான் ஆனார். ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை, ஏனென்றால் ஆறுதல் சொல்வதற்கு எதுவும் நடக்கவில்லை. "ராவுத்தர் கிட்டயிருந்து சேதி வந்துச்சுங்களா?" என்று கேட்பவர்களும் நாளடைவில் கேட்பதை விட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணுக்குக் கட்டப்போகிற கருகமணித் தட்டை ஒரு பெண் இவர் கையில் கொடுத்தாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே வந்து, "கை வலிக்கும், இங்க கொடுங்க அக்கா" என்று அதை வாங்கிக்கொண்டு போனாள். பெரியம்மா சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

கணவரின் வயதுக்காரர்களோ ஊரில் கல்லுக்குண்டுகளாக நடமாடினார்கள். அவர்களில் அரிசி மண்டிக்காரர் ஒருவர் தினமும் ஜன்னல் ஓரமாகச் செருமிக்கொண்டு போவார். அந்த இருமலில் சளி கட்டியிருக்கிறதா என்று தன் காது கவனிக்கிறதைப் பெரியம்மா ஒருநாள் கண்டுகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றதாக என் அம்மாவிடம் அவரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கே ஜன்னல் கதவைச் சாத்திவிட்டார்.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னால்தான் கதை பிறந்தது. உயிரோடு இருக்கிறார் என்று சட்டமே சொல்லிவிட்டது. இருக்கிறவர் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? அங்கே அவருக்குச் சோறு போடுவது யார்? வர முடியாமல் அவரைப் பிடித்து வைத்திருக்கிற வேலை என்ன? துணி மூட்டைகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை நீவி விரித்து, அதன் பின்பக்கத்தில் பெரியம்மா எழுத ஆரம்பித்தார்.

மலைக்கும் மேலே மஞ்சுக்குள் ஒரு நாடு. வெள்ளம் கொண்டுபோனவர்கள் எல்லாரும் அங்கேதான் கரையேறுவார்கள். அங்கே ஆறு கீழேயிருந்து மேலே ஓடும். மனிதர்கள் கம்பியில் தொங்கும் பெட்டிகளில் உட்கார்ந்து ஊருக்கு ஊர் போவார்கள். அந்த நாட்டு ராணிக்குக் காவல் ஆளுயர அட்டைகள். கமருதீன் என்கிற ஜவுளி வணிகன் ராணியிடம் சிக்கிக்கொள்கிறான். "உன் கஜக்கோலால் என் நாட்டு மஞ்சு முழுவதையும் அளந்து கணக்குச் சொல், அப்புறம் வீட்டுக்குப் போ" என்கிறாள் ராணி. அவனும் அளக்கிறான். காலையில் அளந்தது மாலையில் கரைந்துவிடுகிறது. நேர்மையான வியாபாரி ஆகையால் பொய்க் கணக்குச் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து அளக்கிறான். அவன் மனைவி மெஹர்பானு, மடியில் உப்பைக் கட்டிக்கொண்டு, அவனைத் தேடி மலையேறுகிறாள்.

எழுதியதைத் துணியில் சுற்றி, பாலக்காட்டில் சின்னதாக அச்சுக்கூடம் நடத்திய என் அத்தாவுக்குக் கொடுத்தனுப்பினார். அத்தா சைனுதீன் ராவுத்தருக்குச் சிற்றப்பா மகன். "படிச்சுப் பாத்துட்டு அடுப்புல போட்ருங்க தம்பி" என்று சொல்லியனுப்பியிருந்தார். அதுவரை கல்யாணப் பத்திரிகையும் பள்ளிவாசல் நோட்டீஸும் அடித்துக்கொண்டிருந்த அத்தா, சாப்பிட எழுந்திருக்காமல் படித்து முடித்தார். அடுத்த வண்டியிலேயே கொல்லங்கோட்டுக்கு வந்து, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"அண்ணி, இதை நான் பாகம் பாகமா அடிக்கறேன். புஸ்தகத்துக்கு 'மஞ்சுமலைக் கோட்டை அல்லது திரும்பாத வணிகன்'னு பேரு. எழுதினவங்க பேரு என்ன போட?"

"என்ன போடுவாங்க?"

"பொம்பளைங்க பேருக்கு முன்னால புருஷர் பேரு போடறது வழக்கமுங்க. சைனுதீன் ராவுத்தர் மனைவின்னு போடணும், இல்லாட்டி..." அத்தா அதற்கு மேல் சொல்லவில்லை. இறந்தவர் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போடுவார்கள். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

"ஒரு பெண்மணின்னு போடுங்க" என்றார் பெரியம்மா.

ஒரு பெண்மணியின் கதை பஞ்சாங்கத்தோடும் பாட்டுப் புத்தகத்தோடும் சந்தை சந்தையாகப் போனது. வேலந்தாவளத்தில் மாடு வாங்க வந்தவர்கள் கூட மாட்டோடு ஒரு பாகத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெருப் பெண்கள் பகல் வேலை முடிந்ததும் ஒரு வீட்டில் கூடி, படிக்கத் தெரிந்த ஒருத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அட்டைப் படையை மெஹர்பானு உப்பு வீசி விழுத்தாட்டிய பாகத்தன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். எழுதியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தியும் எழுதியவரிடம் போய் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு எங்கே போய் முடியும் என்ற பயம். பக்கத்து வீட்டில் அத்தனை பேர் சிரிக்கிற சத்தத்தைப் பெரியம்மா தனியாகத் தன் வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வருஷங்கள் ஓடின. மெஹர்பானு கோட்டை வாசலுக்கே வந்துவிட்டாள். இனி இழுக்க முடியாது, கடைசிப் பாகம் வேண்டும் என்று அத்தா வந்து நின்றார்.

"சனங்க சந்தோசமா முடியணும்னு எதிர்பாக்கறாங்க அண்ணி. ரொம்பக் காக்க வெச்சாச்சு. அண்ணனைக் கூட்டியாந்துருங்க."

கமருதீனை என்று சொல்ல வந்தவர் வாய் தவறி அண்ணனை என்று சொல்லிவிட்டார். அத்தா செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் கிளம்பி வந்துவிட்டார்.

பெரியம்மா முயற்சி செய்யாமல் இல்லை. கமருதீன் வீடு வந்து சேர்கிற மாதிரி எழுதிப் பார்த்தார். வாசலில் வந்து நிற்கிறவன் முதலில் என்ன பேசுவான்? "குடிக்கத் தண்ணி கொடு" என்பான். மெஹர்பானு செம்பை நீட்டுவாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. தலையை நிமிர்த்தினால் தன் வீட்டுச் செம்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எழுதிய தாளை அடுப்பில் போட்டார். மறுபடி எழுதினார், மறுபடி அடுப்பில் போட்டார். கமருதீனைக் கொன்றுவிடலாமா என்றும் பார்த்தார். சாட்சி இல்லாமல் ஒரு மனிதரைச் சாகடிக்க ஹஜரத்துக்கே உரிமை இல்லாதபோது தனக்கு ஏது என்று நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் கங்காணி அழகுமலை மறுபடியும் வந்தார். வேலந்தாவளத்துக்கு மாடு பிடிக்க வந்தவர் பழைய பழக்கத்துக்கு எட்டிப் பார்த்தார். தோட்டத்திலும் அந்தப் புத்தகத்தை லயத்துக்கு லயம் படிப்பதாகச் சொன்னார்.

"யாரு கதைன்னு எங்களுக்குத் தெரியாதா தாயி? இப்பல்லாம் மஞ்சு எறங்கினா கொழுந்து பறிக்கிற பொம்பளைக, 'ராவுத்தரு அளக்குறாரு, இரைச்சல் போடாதீங்க'ன்னு சொல்லுதுக. அளவு தப்பிச்சின்னா பாவம், அந்த மனுசன் மொதல்ல இருந்துல்ல அளக்கணும்?" சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, "அன்னைக்கு நான் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தாயி. சொல்ல வரல," என்றார்.

"நீங்க சொன்னது நெசம். அதை வெச்சுத்தான் நான் இத்தனையும் எழுதினேன்" என்றார் பெரியம்மா.

அவர் போன பிறகு பெரியம்மா, வருஷக்கணக்காகச் சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மலையில் மழை பிடித்திருந்தது. அத்தனை வருஷமாகத் தன் கணவரை ஒரு மலை முழுக்க உட்கார விடாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தது ராணி இல்லை, தான்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசிப் பாகத்தில் மெஹர்பானு கோட்டைக்குள் போகிறாள். கமருதீன் குனிந்து அளந்துகொண்டிருக்கிறான். அவளை நிமிர்ந்து பார்க்கிறான், ஆனால் கோலைக் கீழே வைக்கத் தெரியவில்லை. அவனைக் கீழே கூட்டிப்போக வழியே இல்லை, வெள்ளத்தில் கரையேறியவர்கள் இறங்குகிற படி அந்த நாட்டில் கட்டப்படவில்லை என்கிறாள் ராணி. மெஹர்பானு அவன் கையிலிருந்து கஜக்கோலை மெல்ல வாங்குகிறாள். "கணக்கு முடிஞ்சுதுங்க. படுங்க" என்கிறாள். அவன் படுத்துக்கொள்கிறான். மஞ்சு ஒரு முழு வெள்ளைத் துணியாக இறங்கி அவனை மூடுகிறது. அவள் கோலோடு தனியாக மலையிறங்குகிறாள்.

தாளின் அடியில், எழுதியவர் பெயர் போடுகிற இடத்தில், பெரியம்மா தம் கையாலேயே எழுதியிருந்தார்: மர்ஹூம் சைனுதீன் ராவுத்தர் மனைவி ஐசும்மா. அத்தா அதை அப்படியே அச்சுக் கோத்தார்.

அந்தப் பாகம் எங்கள் தெருவில் படிக்கப்பட்ட அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் பெரியம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு திறந்தது. ஹஜரத்தின் மனைவி இடுப்பில் கஞ்சிப் பானையோடு உள்ளே வந்தார். இறந்த வீட்டில் சொல்கிற அந்த வசனத்தை, "இன்னா லில்லாஹி" என்று தொடங்கி முழுக்கச் சொன்னார். பிறகு செம்பை எடுத்து அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்.

"மௌத்து ஊட்டுல அடுப்பு எரியலாமா ஐசு?"

"ஹஜரத்துக்குத் தெரியுங்களா?" என்று பெரியம்மா கேட்டார்.

"மசலா அவுருது. கஞ்சி என்னுது."

பின்னாலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாத்திரத்தோடு வந்தார்கள். என் அம்மாவும் போனார். கல்யாணத்தில் தட்டை வாங்கிக்கொண்டு போனவளும் வந்திருந்தாள். ஹஜரத்தின் மனைவி கருகமணியைக் கழற்றிக் கையில் வைத்ததும், வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை பெரியம்மாவுக்கு அப்போதுதான் வந்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார். ஒருத்தியும் அழாதே என்று சொல்லவில்லை.

அன்றே வெள்ளைப் புடவை உடுத்தி இத்தாவுக்கு உட்கார்ந்தார். ஹஜரத் அதைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஆனால் இத்தா இருக்கிற பெண்ணின் கண்ணில் அந்நிய ஆண் படக் கூடாது என்பது முறை. பெரியம்மாவின் வாசல்தான் அவர் பள்ளிவாசலுக்குப் போகிற வழி. அந்த இத்தா முடிகிறவரை அவர் ஐந்து வேளைத் தொழுகைக்கும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறும் சகதியுமாகக் கிடந்த பின் சந்து வழியாகச் சுற்றிப் போனார்.