சாச்சாவின் அழுகைக் காட்சி

வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சா கற்பிட்டியில் கருவாடு விற்றார். ஆனால் ஊர் அவரைத் தேடியது கருவாட்டுக்காக அல்ல. இந்தியப் படங்களில் வரும் ஒரு பகிடி நடிகரைப் போல அவர் பேசிக் காட்டினால் பள்ளிவாசல் லெப்பைக்கே சிரிப்பு வந்துவிடும். கல்யாண வீடுகளில், சாச்சா தங்களோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று ஆட்கள் சண்டை பிடிப்பார்கள்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது சாச்சா சின்னப் பிள்ளை. அவரை வளர்த்து ஆளாக்கியது வாப்பாதான். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் கல்யாணம் ராத்தாவுடையது. நானோ வயது போதாத தம்பி. ஆகவே வாப்பாவின் இடத்தில் வொலியாக இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பு சாச்சாவுக்கு வந்தது. உம்மாவுக்கு அவருடைய பகிடிதான் பயம். மாப்பிள்ளையின் வாப்பா கனமூலை ஊரில் கடை வைத்திருப்பவர். சிரிப்பைக்கூட நிறுத்துத்தான் கொடுப்பார்.

"தம்பி, அல்லாவுக்காக அந்த மஜ்லிஸில பகிடி விட்டுராதீங்க" என்று சாச்சாவிடம் கெஞ்சினார் உம்மா.

"ஓம் மச்சி, வாயே தொறக்க மாட்டன்."

"வாய் தொறக்காம நிக்காஹ் எப்பிடிச் செஞ்சு குடுக்கிற?"

அந்தக் கிழமைதான் அந்த நடிகரின் புதுப் படம் சீடியில் வந்தது. வீடு நிறையச் சனம். பகிடிக்காரர் அதில், காணாமல்போன மகனைத் தேடி அலையும் தகப்பன். இதோ சிரிப்பு வரும், இதோ வரும் என்று காத்திருந்தோம், அவர் அழுதார். அதற்கும் சிரித்தோம், பழக்கதோஷம். மறுநாளே சாச்சா அந்த அழுகையையும் பிடித்துவிட்டார். உதடு துடிக்கும், குரல் அடைக்கும், மூக்கைத் தோளில் தேய்ப்பார். கடைத்தெரு முழுக்க அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தது.

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. சாச்சா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, லெப்பை சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார். "எனது சகோதரரின் மகளை" என்ற இடத்தில் நின்றுவிட்டார். உதடு துடித்தது. மூக்கைத் தோளில் தேய்த்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, சபை முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளையின் வாப்பாகூடத் தாடியைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சாச்சா எங்களை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு தானும் சிரித்து, மிச்சத்தைச் சொல்லி முடித்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். சம்பந்தி வீட்டுக்கு அன்றிலிருந்து சாச்சா என்றால் உயிர்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "சாச்சா, அந்த அழுகைய இன்னொருக்காச் செஞ்சு காட்டுங்க" என்று பிடித்துக்கொண்டேன். செய்து காட்டினார். அதே உதடு, அதே மூக்கு. ஆனாலும் என்னவோ குறைந்தது.

"பள்ளியில செஞ்ச மாதிரி இல்லயே சாச்சா."

"ஓம் மகன், அங்க நல்லா வந்திச்சு" என்று என் தொப்பியைச் சரிசெய்துவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டார்.

அங்கே அவர் நடிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நல்ல நடிகர் என்றால் எத்தனை தரம் கேட்டாலும் அதே மாதிரிச் செய்ய வேண்டாமா என்று கூட்டாளிமாரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.