விற்பனைக்கு வராத பேட்ச்

நான் செய்த முதல் படலம், கண்ணாடித் தட்டிலிருந்து உரிக்கும்போதே அப்பளம் போல நொறுங்கியது. தொண்ணூறுகளின் கடைசி. செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியில் நான் ஆர் அண்ட் டி கெமிஸ்ட். வலி மருந்தைத் தோல் வழியாக உடம்புக்குள் அனுப்பும் பேட்ச் செய்வது எங்கள் வேலை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளை அசிட்டிக் ஆசிட்டில் கரைத்து, மருந்து கலந்து, தட்டில் ஊற்றிக் காயவைப்போம். காய்ந்து உரிந்து வரும் படலம்தான் பேட்ச்.

ஓடு தந்தவர் சதுரங்கப்பட்டினத்து அமுதா அக்கா. இறால் உரித்து உரித்து அவருடைய விரல் முட்டிகள் வீங்கியிருக்கும்.

"இந்த ஓட்ட வச்சி இன்னாம்மா பண்றீங்க?"

சொன்னேன்.

"மாத்திர போட்டா வவுறு எரியுது. இத கைல ஒட்டிக்கினா போதுமா? அப்போ எனக்கு ஒண்ணு குடு."

"டெஸ்ட் முடியாம குடுக்கக்கூடாதுக்கா. முடிஞ்சதும் மொதல்ல உங்களுக்குத்தான்."

கிளிசரின் சேர்த்தால் படலம் வளைந்தது. ஆனால் மருந்து சட்டென்று வெளியேறிவிட்டது. பென்டோனைட் களிமண்ணை ஊறவைத்துக் கலந்த பிறகுதான் வழி பிறந்தது. களிமண் அடுக்குகளுக்குள் மருந்து தங்கி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. எலித் தோலில் டெஸ்ட் செய்தோம். பாஸ். மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்டு ஜி.எம். அறைக்குப் போனேன்.

"நல்லா பண்ணியிருக்கீங்க மேடம். ஆனா கம்பெனி ஓடறதே வலி மாத்திரைலதான். நாமளே அதுக்குப் போட்டி தயார் பண்ணணுமா?"

"மாத்திரை வயித்துக்கு ஒத்துக்காதவங்க இருக்காங்க சார்."

"அவங்களுக்கு வயித்து மாத்திரையும் நாமதானே விக்கறோம்!" சிரித்தார்.

ப்ராஜெக்டை மூடினார்கள். மிச்சமிருந்த படலங்களை எரிக்கச் சொன்னார்கள். என்னை மாத்திரை அடிக்கும் டேப்லட் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"செரி வுடும்மா, நீ இன்னா பண்ணுவ" என்று உரிப்பதைத் தொடர்ந்தார்.

சில வருஷம் கழித்து அவர் மகள் போன் செய்தாள். அக்கா ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டுப் போட்டு குடல் புண்ணாகியிருந்தது.

"இதத்தான் தெனம் துன்னுகினு இருந்துச்சி" என்று மகள் ஒரு அட்டையை நீட்டினாள். எங்கள் கம்பெனி மாத்திரை. என் செக்‌ஷனில் அடித்தது.

அக்கா பிழைத்தார். "மாத்திரயே தொடாதன்னுட்டாரு டாக்டரு. கை மட்டும் அப்டியேதான் கீது" என்றார்.

புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படலம் ஒட்டுமா, மருந்து இறங்குமா என்பதெல்லாம் பிறகு. இது வெளியே வந்தால் யாருக்கு நஷ்டம் என்று முதல் நாளே கேளுங்கள். அவர்கள்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறவர்கள் என்றால், யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அக்கா இறால் உரிப்பதை விட்டுவிட்டார். நான் ரிட்டயர் ஆகும்வரை மாத்திரை அடித்தேன்.