திரும்பி வந்த பழைய நம்பர்

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களிடம் ஜெபஷீலா என்று சொன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். சிஸ்டம் அக்கா என்றால்தான் தெரியும். போடி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். எம்.சி.ஏ. முடித்துச் சென்னையில் இருந்தவள், அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பினாள். அப்பா போன பிறகும் சென்னைக்குப் போகத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சின்னமனூரிலும் ஆண்டிபட்டியிலும் கிளைகள் உண்டு. எல்லா ஊழியர்களின் பெயர், பாஸ்வேர்டு, பிரிவு, போன் நம்பர் அத்தனையும் தேனியில் ஒரே டைரக்டரி சர்வரில் இருக்கும். ஓ.பி. சீட்டுப் போடுகிறவரானாலும் மருந்து கொடுக்கிறவரானாலும், அந்த சர்வர் ஆளை அடையாளம் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் திறக்கும். டூட்டி மாறினால் தானாக மெசேஜ் போவதும் அதில் இருக்கும் நம்பருக்குத்தான். அதனால் கல்யாணமாகி இனிஷியல் மாறினவள், போனைத் தொலைத்தவன் எல்லாரும் ஜெபஷீலாவின் மேஜைக்குத்தான் வந்தாக வேண்டும்.

வைகாசியில் ஒருநாள் தேவயானி வந்தாள். சின்னமனூர்க் கிளையில் நர்ஸாக இருந்தவள். காமயகவுண்டன்பட்டியில் புருஷன் வீட்டிலிருந்து உடுத்தின துணியோடு கிளம்பி வந்தவள். மேட்ரனிடம் அழுது, சத்தமில்லாமல் தேனிக்கு மாற்றல் வாங்கி, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். புருஷன் வீரணன் சின்னமனூருக்குப் போய்க் கேட்டபோது, வேலையை விட்டுப் போய்விட்டதாக அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அக்கா, பழைய நம்பர் எங்கனயும் இருக்கக் கூடாது. அந்தப் போனு அவுக கையில இருக்கு" என்றாள்.

ஜெபஷீலா அவள் கண்ணெதிரிலேயே புது நம்பரைப் போட்டாள். "இனிமே எங்கனயும் இருக்காதும்மா" என்றாள். தேவயானி அவள் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனாள்.

ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் விட்டு விட்டு வந்த ஒரு காலையில் யு.பி.எஸ். கைவிட்டது. சர்வர் எழுந்தது, பெயரும் நம்பரும் இருந்த அதன் டேட்டாபேஸ் எழவில்லை. ஜெபஷீலா தெரிந்த வழியெல்லாம் பார்த்தாள். சரிசெய்யும் புரோகிராம் பாதியிலேயே நின்றது. தினமும் தானாக எடுக்கப்படும் நகலைத் தேடினால், டிஸ்க் நிரம்பியதால் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்பே நகல் எடுப்பது நின்றுபோயிருந்தது. அதைக் கவனித்திருக்க வேண்டியவள் அவள்தான்.

உடைந்த டேட்டாபேஸிலிருந்து பதிவுகளைப் பிரித்தெடுக்கவும் வழி இருந்தது. ஆனால் நாள் முழுக்க ஆகும். வெளியே ஓ.பி. வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. மேனேஜர் கிறிஸ்டோபர் வந்து பக்கத்தில் நின்றார்.

"பழசையே போட்டு ஓட்டும்மா. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

உடைந்ததைத் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, பழைய நகலை ஏற்றினாள். மத்தியானத்துக்குள் எல்லாக் கவுன்டரும் ஓடின. திருவிழாவுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள், உள்ளே போக முடியவில்லை என்று தாங்களாகவே வந்தார்கள்; சேர்த்துக்கொண்டாள். பாஸ்வேர்டு மாற்றியவர்களும் வந்தார்கள். தேவயானி வரவில்லை. அவள் பாஸ்வேர்டு மாறவில்லை, கம்ப்யூட்டர் வழக்கம்போலத் திறந்தது. அவள் வரக் காரணமே இல்லை.

அந்த டிஸ்க்கை நாளைக்குப் பார்ப்போம் என்று ஜெபஷீலா நினைத்தாள். மறுநாள் ஸ்கேன் அறையில் பிரிண்டர் தகராறு. அதற்கடுத்த நாள் வேறொன்று. யாரும் எதுவும் கேட்காததால் அவளும் மறந்தே போனாள்.

அந்த வாரம் ஆண்டிபட்டியில் ஆள் குறைந்ததால் தேவயானியை அங்கே போட்டார்கள். வார்டு இன்சார்ஜ் வாயால் சொல்லிவிட்டதால், தனக்கு மெசேஜ் வராததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கள் முதல் ஆண்டிபட்டிக் கிளை, காலை டூட்டி என்ற மெசேஜ் வீரணன் கையிலிருந்த போனுக்குப் போயிருந்தது.

அவன் தன் அம்மாவையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஆண்டிபட்டிக்கு வந்தான். சத்தம் போடவில்லை. ரிசப்ஷன் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், தன் பெண்டாட்டியை அழைத்துப் போக வந்திருப்பதாக மரியாதையாகச் சொன்னான். மறுநாளும் வந்தான். குடும்ப விவகாரத்தை வெளியே தீர்த்துக்கொள்ளச் சொல்லி நிர்வாகம் தேவயானியிடம்தான் சொன்னது. அவள் பின்வாசல் வழியாகத் தேனிக்கு வந்து வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்தாள்.

செய்தி காதுக்கு வந்ததும் ஜெபஷீலாவுக்கு அந்த நம்பர் ஞாபகம் வந்தது. சர்வரில் தேவயானியின் பெயரைத் திறந்தாள். பழைய நம்பர் இருந்தது. தனியாக எடுத்து வைத்த டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே புது நம்பர், ஒரு இலக்கம்கூடச் சிதையாமல் கிடந்தது.

ஹாஸ்டலுக்கு ஓடினாள். தேவயானி துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னதுன்னு நாலு நாளா ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சுப் பாக்கேன். நீங்க சொன்னீகளாக்கா?"

ஜெபஷீலா நடந்தது முழுவதையும் சொன்னாள். நகல் நின்றுபோனதை, அவசரத்தில் பழையதை ஏற்றியதை, பிறகு பார்க்காமல் விட்டதை, எதையும் ஒளிக்கவில்லை. தேவயானி மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப, ஆளு யாரும் காட்டிக் குடுக்கல" என்றாள். அவள் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைத்தான் ஜெபஷீலாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

எங்கே போகிறாய் என்று கேட்டாள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் கூடப் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று மட்டும் தேவயானி சொன்னாள். ஊரைச் சொல்லவில்லை. "தப்பா நெனைக்காதீகக்கா" என்றாள்.

சர்வர் விழுந்ததைப் பற்றிய அறிக்கையில் ஜெபஷீலா தேவயானிக்கு நடந்ததையும் எழுதினாள். அந்த ஒரு பத்தி மட்டும் வேண்டாம் என்று கிறிஸ்டோபர் கேட்டுக்கொண்டார். அவள் எடுக்கவில்லை, அவரும் அதை மேலே அனுப்பவில்லை.

பிறகு வார்டு வார்டாகப் போய் ஒவ்வொருவரிடமும் போன் நம்பரைக் கேட்டு ஒத்துப் பார்த்தாள். சலவைப் பிரிவு சங்கிலியம்மாள், போன் மாற்றி மூன்று மாசம் ஆச்சு, இப்பத்தான் கேக்கீகளா என்று சிரித்தாள். ஜெபஷீலா சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். அந்த மாதக் கூட்டத்தில், யாரும் சொல்லாமலேயே இவ்வளவு பொறுப்பாகச் செய்கிறாள் என்று அவளைப் பாராட்டினார்கள். எல்லாரும் கை தட்டி முடிக்கும்வரை அவள் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.