பெரிய வெள்ளியன்று அணைத்த திரை

ஸ்டெபி வேலைக்குச் சேர்ந்தபோது சிலுவை அண்ணாச்சியின் தோணி ஆபீசில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், ஒரே மானிட்டர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போகும் தோணிகள் கடலில் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். வானிலை பார்க்க வேண்டும். தோணியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும் செய்திகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஒன்றைத் திறந்தால் மற்றது மறைந்துவிடும். அவள் கணவன் ஜெரால்டு அந்தத் தோணிகளில் ஒன்றுக்குத் தண்டல், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. புருஷன் நடுக்கடலில் கிடக்க, தான் எதையாவது பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்ற பயம் அவளைச் சாப்பிடவிடாது, தூங்கவிடாது.

இரண்டாவது மானிட்டர் கேட்டாள்.

"ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தன மூஞ்சிளா?" என்றார் அண்ணாச்சி.

நச்சரித்து வாங்கிவிட்டாள். அதுவும் போதவில்லை. சுவரில் அண்ணாச்சி கிரிக்கெட் பார்க்கிற டிவிக்கும் கேபிள் இழுத்து அதை மூன்றாவது திரையாக்கினாள். முதல் திரையில் தோணிகள் புள்ளிகளாக ஊரும், இரண்டாவதில் வானிலை, டிவியில் செய்திகள். கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டரின் சத்தமும் டிவிக்கே போய்விட்டது. செய்தி வந்தால் தெருமுனை வரை கேட்குமே, நல்லதுதான் என்று அப்படியே விட்டாள். பாவி மகள், அதை மட்டும் மாற்றி வைத்திருக்கலாம்.

இந்த வருஷம் பெரிய வெள்ளியன்று விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஜெரால்டின் தோணி மட்டும் திரும்பி வரும் வழியில் இருந்தது. ஸ்டெபி ஒருசந்தி நோன்போடு வந்து உட்கார்ந்தாள். கோயிலுக்குப் போகும் வழியில் அண்ணாச்சி தலைகாட்டினார்.

"ஏளா, பெரிய வெள்ளியும் அதுவுமா டிவி எரியுது. அமத்திரு."

இயேசு இறந்த துக்க நாளென்று அவள் வீட்டிலும் முந்தின நாளே டிவியை அணைத்தாயிற்று. செய்தி இல்லாத நேரத்தில் அந்தத் திரையில் வெறும் நீலம்தான் இருக்கும். டிவி என்று அவர் சொன்னதும் அவள் கண்ணுக்கும் அது டிவியாகவே பட்டது. ரிமோட்டை அழுத்தினாள். தவக்காலத்துக்கு மாதா சுரூபத்தை மூடியதுபோக மிச்சமிருந்த ஊதாத் துணியை அதன்மேல் போர்த்தியும் விட்டாள்.

கம்ப்யூட்டருக்குப் பெரிய வெள்ளி தெரியுமா? கேபிள் செருகித்தானே இருக்கிறது, அதனால் திரையும் இருக்கிறது என்று அது பாட்டுக்கு வேலை செய்தது.

மூன்று மணி நெருங்கும்போது ஜெரால்டின் புள்ளி நின்றது. ஸ்டெபிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தில், எந்தக் கடலில் இருந்தாலும் அவன் எஞ்சினை நிறுத்தி, ஆட்களோடு முழந்தாள் போடுவான். வருஷா வருஷம் உண்டு. அவளும் மேஜையோரம் முழந்தாளிட்டு அவனோடு சேர்ந்து ஜெபித்தாள்.

எழுந்து பார்த்தபோதும் புள்ளி கிளம்பவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜெபிக்கிறான் போல என்று நினைத்தாள். வெயில் தாழ்ந்தது. புள்ளி தெற்கே லேசாக நகர்ந்தது, ஓடுகிற நகர்வாக அது இல்லை. பெரிதாக்கிப் பார்க்கலாமென்று மௌசை நகர்த்தினாள். அம்பு வலது ஓரத்தைத் தாண்டி ஓடி மறைந்துவிட்டது. எங்கே போயிற்று என்று அந்தப் பக்கம் திரும்பினாள். சுவர் இருந்தது. ஊதாத் துணி இருந்தது.

துணியை இழுத்தெறிந்து டிவியைப் போட்டாள்.

திரை நிறைய ஜெரால்டின் செய்திகள்.

"அடியில தண்ணி கசியுது. இறைக்கோம்."

"பம்பு நின்னுட்டு. எஞ்சினும் நின்னுட்டு. கோஸ்ட்கார்டுக்குச் சொல்லு."

"பாத்தியா?"

கடைசியாக ஒன்று: "பதறாதிங்கலே, அங்கன ஸ்டெபி பாத்துக்கிட்டு இருப்பான்னு பயலுவட்டச் சொல்லியிருக்கேன்."

ஒரு கையால் போனில் கடலோரக் காவல்படையை அழைத்தாள். மறு கையால் 'இருக்கேன், இருக்கேன்' என்று தட்டினாள். இடத்தைச் சொல்ல முதல் திரையைப் பார்த்தாள். புள்ளி இருந்த இடத்தில் இப்போது கடல் மட்டும் இருந்தது. கடைசியாகப் பார்த்த இடத்தை நினைவிலிருந்து சொன்னாள்.

கோயிலிலிருந்து திரும்பிய அண்ணாச்சி வாசலிலேயே ஆரம்பித்தார். "என்னளா, மறுபடியும் டிவிய..."

திரையில் கிடந்த செய்திகளை வரி வரியாக வாசித்தார். நாற்காலியில் உட்காரவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து, டிவியின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டிவைத்துவிட்டு, அதன் கீழேயே நின்றுகொண்டார்.