ஏறாத விமானம்

சென்னையில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பிலிருந்து போய்வர விமான டிக்கெட் எடுத்திருந்தேன். பிறகு, பளையில் இருக்கும் எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம்தானே கிட்ட என்று, போவதற்கு மட்டும் அங்கிருந்து வேறு டிக்கெட்டில் பறந்தோம்.

திரும்பும் நாளோடு விசாவும் முடிகிறது. சென்னை விமான நிலையத்தில் கவுண்டர் பெண் கணினியைப் பார்த்தாள்.

“போறதும் வர்றதும் ஒரே புக்கிங், மேடம். கொழும்புல நீங்க ஏறலை. சிஸ்டம் ரிட்டனையும் கேன்சல் பண்ணிடுச்சு.”

“வாறதுக்கு வந்து நிக்கிறம்தானே, தங்கச்சி!”

உள்ளே போக டிக்கெட் இல்லை. வெளியே தங்க விசா இல்லை. கண்ணில் கட்டோடு அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நல்லகாலம், மாலை விமானத்தில் இரண்டு இடம் கிடைத்தது.

இப்போது டிக்கெட் எடுத்த இடத்தில் கேட்காமல் பயணத்தில் எதையும் மாற்றுவதில்லை. அம்மாவோ கிளிநொச்சி பஸ்ஸுக்கே கேட்கிறார்:

“பிள்ளை, இதிலை ஏறினால்தானே திரும்பி வரேக்கை ஏத்துவாங்கள்?”