அவன் எழுந்து வருகிற காட்சி

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே முக்கால். மாடிப்படியில் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே ஓர் அலுமினிய மீன்கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

ராயபுரத்தில், படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறைக்கு மேலே உள்ள அறை அது. எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ராக் இசைக்குழு அங்கேதான் பயிற்சி எடுக்கும். வெளியிடாமல் வைத்திருந்த வீடியோ ஒன்றை அன்று ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டி, வெளியிடலாமா கூடாதா என்று கேட்பதாக ஏற்பாடு. பக்கத்து வீடு என்பதால் கிடார் வாசிப்பவன் என்னையும் கூப்பிட்டிருந்தான். "நீங்க பேப்பர்ல கீறீங்க அக்கா, சண்ட வந்தா நடுவுல நின்னு பேசுங்க" என்றான். கூடையைப் பார்த்ததும், அவர்கள் கூப்பிடாத ஒருவர் வந்திருக்கிறார் என்று புரிந்தது. அந்தக் குழுவின் பாடகனின் அம்மா. காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர்.

பாடகன் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தான். லீவு நாட்களில் மாமாவின் பைபர் படகில் கடலுக்குப் போவான். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில் படகு கவிழ்ந்தது. மாமா நீந்திக் கரையேறினார். அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் 'மீனவர் மாயம்' என்று ஒரு பத்தி வந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் அவன் படம் மாட்டியிருக்கிறது. மாலை போடவில்லை. உடல் வராத வீட்டில் அதைப் போடச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை.

வீடியோவை, படகு கவிழ்வதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எடுத்திருந்தார்கள்.

அறையில் முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஜன்னல்களைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். கீழிருந்து டீசல் வாடை வந்தது. அம்மா ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். சேலையின் கீழ்ப்பக்கம் முழங்கால் வரை ஈரம். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அந்த வீடியோவைப் படம் எடுத்தவன் ஒருமுறை அவரைப் பார்த்தான், கிடார்காரனைப் பார்த்தான், பிறகு லேப்டாப்பைத் திறந்தான்.

காத்திவாக்கத்துக்கு அப்பால், எண்ணூர் முகத்துவாரத்தில் எடுத்த படம். சாம்பல் படிந்த மணல். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். டிரம்ஸை ஒரு உடைந்த படகின்மேல் வைத்திருந்தார்கள். பாதிப் பாட்டுக்குப் பிறகு பாடகன் மட்டும் கேமராவைப் பார்த்துப் பாடிக்கொண்டே பின்பக்கமாக நடந்து தண்ணீருக்குள் இறங்குகிறான். முழங்கால், இடுப்பு, மார்பு. கடைசி வரியை நீர்மட்டத்துக்கு மேலே வாயை வைத்துப் பாடுகிறான். தலை மறைகிறது. பிறகு தண்ணீர் மட்டும். படம் அங்கே முடிகிறது.

விளக்கைப் போட்டதும் முதலில் வாய் திறந்தவர் மாத்தூரிலிருந்து வந்திருந்த கன்டெய்னர் லாரி டிரைவர்.

"மாமு, கடசி ஷாட்ட மட்டும் தூக்கிடு. மீதிலாம் கெத்தா கீது."

"அத்த தூக்கினா இன்னாண்ணா மிச்சம்?" என்றாள் வியாசர்பாடியிலிருந்து வந்த கல்லூரி மாணவி. "பாட்டே அங்கதான் போவுது."

"உனுக்கு இன்னாம்மா, பாத்துட்டு லைக் போட்டுட்டு தூங்கிடுவ. நான் தெனம் எண்ணூர் ரோட்டுல கடலப் பாத்துக்கினே வண்டி ஓட்டணும்."

வண்ணாரப்பேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கையைத் தூக்கினார். "அப்டியே வுடுங்கப்பா. ஊரு பூரா பாக்கும். தம்பி பேரு நிக்கும்."

"நிக்கும் பாய். உங்க கட வாசல்ல ஸ்பீக்கர்ல நிக்கும்" என்றார் டிரைவர். சிலர் சிரித்தார்கள். அம்மா இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லாரும் 'பாடுவாரு', 'சிரிப்பாரு', 'அப்டித்தான் இருந்தாரு' என்று, இனி இல்லாதவரைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, படம் எடுத்தவன் பக்கம் திரும்பினார்.

"எய்ந்து வர்றது எங்கடா?"

"அதோட முடிஞ்சிடுதும்மா."

"பாட்டு முடியட்டும். அவன் எய்ந்து வந்தான் இல்ல? வூட்டுக்கு வந்து, தலையெல்லாம் சாம்பலு, நான்தான் தொவட்டி வுட்டேன். உக்காந்து சோறு துன்னான். வந்தத போடு."

"கட் சொன்னதும் கேமராவ நிறுத்திட்டேம்மா."

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். "நீங்கல்லாம் அங்க இருந்தீங்களாமே. போன் இல்லாத கையி ஒண்ணாச்சும் கீதா இங்க? ஆருனா புடிச்சிருப்பீங்கோ."

பாதிப் பேராவது அன்று அங்கே இருந்தவர்கள்தான். ஆனால் யாரும் போனை எடுக்கவில்லை. காரணத்தை டிரம்மர் சொன்னான். இதற்கு முந்தைய பாட்டு படமெடுக்கும்போதே வெளியே கசிந்துவிட்டது. அதனால் இந்த முறை வேடிக்கை பார்க்க வந்த எல்லாருடைய போனையும் வாங்கி, மீன் வைக்கும் காலி ஐஸ் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். அது பாடகன் சொன்ன யோசனை.

படம் இல்லை என்றதும், ஆளாளுக்கு வாயால் சொல்லத் தொடங்கினார்கள்.

"வந்தாரும்மா. மூக்குல தண்ணி பூந்து, இந்த கேமராக்காரன கண்டபடி திட்டிக்கினே வந்தாரு."

"திட்டலயே. சிரிச்சுக்கினே வந்தாரு. காதுல பாசி."

"சட்டைய கயட்டி தோள்ல போட்டுக்கினு."

"சட்டை போட்டுக்கினுதான்டா வந்தாரு!"

"பிரியாணி வந்துச்சான்னு கேட்டாரு."

பாசி வலது காதில் என்றது ஒரு குரல். இன்னொரு குரல் இடது காது என்றது. அவன் கரையேறியது புகைபோக்கிப் பக்கமா, படகுப் பக்கமா என்பதில்கூட இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை. செய்தியாக இருந்தால், 'கரையேறினார்' என்பதைத் தவிர எதையும் அச்சுக்கு அனுப்பியிருக்க முடியாது. அம்மா ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் வாயையே பார்த்தார்.

"எல்லாரும் பாத்துக்கினு கீறீங்கோ" என்றார். "நான்தான் பாக்கல."

பாய் எழுந்து நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "இப்பல்லாம் ஏஐ கீதும்மா. பழைய வீடியோ நாலு குடுத்தா போதும், எய்ந்து வர்ற மாதிரி பண்ணிடலாம்."

"அதுல வர்றது ஆரு?"

"தம்பி மாதிரியே..."

"மாதிரி எனக்கு எதுக்கு நைனா?"

பாய் உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்தவன் அதுவரை தலை நிமிரவில்லை. லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தான். பிறகு விளக்கை அணைக்கச் சொன்னான். கடைசிக் காட்சியை அவன் பின்னோக்கி ஓட்டினான்.

தண்ணீர் மட்டும் இருந்தது. ஓர் இடத்தில் அது குழிந்தது. உச்சந்தலை வந்தது, நெற்றி வந்தது, கண்கள் திறந்தே வந்தன. பின்பக்கமாக இறங்கியவன் இப்போது எங்களைப் பார்த்து முன்பக்கமாக நடந்து வந்தான். மார்பு, இடுப்பு, முழங்கால். வாய் அசைந்தது, சொற்களை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் இருந்தது. நுரை மணலிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போய் அலையாகச் சேர்ந்தது. கரைக்கு வந்தபோது அவன் உடம்பில் ஈரமே இல்லை.

லாரி டிரைவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கீழே போனார். மாணவி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்திருந்தார். உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, "வா, வா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார், தெருமுனையில் வருகிற பிள்ளையைக் கூப்பிடும் குரலில்.

"இன்னொரு தபா போடு" என்றார். போட்டான்.

மூன்றாவது முறையும் பார்த்த பிறகு கிடார்காரன் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "யம்மா, நீ சொன்னா வெளிய வுடறோம். வேணான்னா வுடல."

"என்னிய எதுக்கு கேக்கற? அவன் பாட்டு. அவன் வந்து சொல்லட்டும்."

ரசிகர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி இறங்கினார்கள்.

வீடியோ இன்னும் வெளியாகவில்லை. பின்னோக்கி ஓடும் அந்தத் துண்டை மட்டும் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது அவர் போனில் இருக்கிறது. திருப்பி ஓட்டும்போது பாட்டு குளறியதால், அனுப்புவதற்கு முன் படம் எடுத்தவன் அதிலிருந்து குரலை எடுத்துவிட்டான்.